தீப்பெட்டி இல்லாமல் போன டிராக்டர்

எனக்குக் கூட்டத்தில் கத்த வராது. கை தட்டினால்கூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால், எங்கள் ஊர் வாலிபால் அணி இறுதி ஆட்டத்துக்குப் போன அந்தக் கோடையில், ஆட்டம் முடிகிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஊரே கூடி முடிவு செய்தபோது எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அந்த ஒரு நாள் ஊரில் எல்லோரும் என்னைப் போல் ஆனார்கள். சிரமப்பட்டவன் என் அண்ணன். அந்தக் கட்டுப்பாடு வந்ததே அவனால்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பாலக்கோட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கோடைக்குக் கோடை சுழற்கோப்பைக்கு ஆட்டம் நடக்கும். முந்தின வருஷம் இறுதி ஆட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அணியோடு மோதினோம். கடைசி செட்டில் எங்களுக்குப் பதினாலு, அவர்களுக்கு ஒன்பது. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. வாங்கி வைத்திருந்த சரவெடியை மைதானத்தின் ஓரத்தில் விரித்துக் கொளுத்திவிட்டான். காற்று எங்கள் பக்கம் அடித்தது. புகை முழுவதும் ஆடுகளத்தின் மேல் வந்து நின்றுகொண்டது. பந்து தெரியாமல் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். புகை கலைந்து மறுபடி ஆடியபோது எங்கள் ஆட்களின் கைகால்கள் ஆறிப் போயிருந்தன. அதன் பிறகு எங்களுக்குப் பாயிண்டே விழவில்லை. கோப்பை அந்தப் பக்கம் போயிற்று.

அண்ணன் ஆடுகிறவன் இல்லை. ஆனால் வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, சுண்ணாம்பு கரைத்துக் கோடு போடுவது எல்லாம் அவன்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவன் மைதானத்தின் பக்கமே போகவில்லை. டீக்கடைக்குப் போனால், "வெடிக்காரர் வர்றாருங்க, அடுப்ப அணைங்க" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வான்.

அந்த வருஷமும் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணியும் அதேதான். ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னான்: "இந்தத் தடவயும் தோத்தா, நான் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போயிர்றேன்டா. இந்த ஊர்ல என்னால தல காட்ட முடியாது." விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை அவன். துணிப்பையைக்கூட எடுத்துத் துவைத்துப் போட்டிருந்தான்.

கட்டுப்பாடுகளை எல்லாம் போட்டவர் எங்கள் பெரியப்பா. பால் சொசைட்டி வாசலில் கூடிய ஊருக்கு முன்னால் நின்று சொன்னார். ஆட்டம் முடிகிறவரை யாரும் கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது. யாரும் பூமாலை சொல்லி வைக்கக் கூடாது. யார் வீட்டிலும் கோழி அடிக்கக் கூடாது. கப்பு என்ற பேச்சே கூடாது, ஜெயிப்பது என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் மடியிலும் தீப்பெட்டி இருக்கக் கூடாது.

"பீடிக்கு என்னங்க பண்றது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரு நாளு பீடி இல்லன்னா செத்தா போயிருவ?"

மறுநாள் காலையில் டிராக்டர் நின்றபோது பெரியப்பா பால் வாங்கும் தூக்குப்போசியோடு வந்தார். ஏறுகிற ஒவ்வொருவரும் தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். போசி நிறைந்துவிட்டது. அதைச் சொசைட்டிக்குள் ஜன்னலில் வைத்துக் கதவைப் பூட்டினார்.

அண்ணன் வரவில்லை. அணியின் கேப்டன், தையல் கடை வைத்திருந்த பாய், டிராக்டரை விட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறடி உயரம். எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைய முடியும்.

"மச்சா, வலை யாரு கட்டறது?"

"அங்க கட்டியிருப்பாங்க பாய்."

"நீ கட்டாத வலையில நான் அடிக்க மாட்டேன். நீ ஏறலன்னா வண்டி கெளம்பாது. பாத்துக்க."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பெரியப்பா அவனுடைய சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கால்சட்டைப் பையையும் தடவினார். பிறகு இரண்டு கையையும் விரிக்கச் சொன்னார். டிராக்டர் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விரித்துக் காட்டினான். எனக்குத் தரையைத்தான் பார்க்க முடிந்தது.

பின்பெட்டியில் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கூடைத் தக்காளியை ஏற்றியிருந்தார்கள். வழியில் ஒரு ஊரில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு அம்மா, "எல்லாரும் சேந்துகினு எங்கப்பா போறீங்க? கப்பு வாங்கவா?" என்று கேட்டுவிட்டார். ஒரே குரலில் பதில் போயிற்று: "இல்லீங்க, தக்காளி விக்கப் போறோம்!"

"ரெண்டு கூடைக்கு இத்தன பேரா?"

டிராக்டர் வேகமாகப் போயிற்று.

மைதானத்தில் அண்ணன் வலையை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினான். கட்டிய கையோடு வெளியே போய் டிராக்டரில் ஏறி, தக்காளிக்குக் காவல் என்று உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து ஆடுகளம் பாதிதான் தெரியும். நான் மதில் ஓரம், பெரியப்பாவுக்குப் பக்கத்தில், அவனும் ஆட்டமும் இரண்டும் தெரிகிற மாதிரி நின்றேன்.

எதிரணியின் ஆட்கள் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். மாலை, மேளம், சரவெடி எல்லாம் இருந்தன. அவர்களில் சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "என்னப்பா இது, எழவு வூட்டுக்கு வந்தவங்க மாதிரி ஒக்காந்துகினு இருக்கீங்க? ஒரு கை தட்டுனா கொறஞ்சா போயிருவீங்க?"

எங்கள் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். பாய் எகிறி அடித்த பந்துகள் அந்தப் பக்கம் மண்ணைக் கிளப்பியபோதும் ஒரு கையும் தட்டப்படவில்லை. ஒருவர் துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஒரு செட் ஆயிற்று. கடைசி செட். மறுபடியும் எங்களுக்குப் பதினாலு, அவர்களுக்கு ஒன்பது. பாயிண்ட் எழுதுகிற பலகையில் அதைப் பார்த்ததும் பெரியப்பா ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

அந்தக் காலத்து ஆட்டத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயிண்ட். அடுத்த பக்கம் அந்தப் பந்தை வென்றால் சர்வீஸ் மட்டும் கை மாறும். அதனால் பலகையில் எண் மாறாமலே ஆட்டம் நீண்டுகொண்டு போகும்.

"என்னடா ஆச்சு?" என்றார் பெரியப்பா, திரும்பாமலே.

"சர்வீஸ் போச்சுங்க பெரிப்பா" என்றேன் அவர் காதருகில்.

"இப்ப?"

"நமக்கு வந்துது."

"இப்ப?"

"மறுபடியும் போச்சுங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவர்களுடைய பாயிண்ட் ஏறத் தொடங்கியது. பத்து, பன்னிரண்டு, பதினாலு. சமம். பிறகு பதினைந்து. இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தால்தான் முடிவு. அவர்களுக்கு இப்போது ஒன்று போதும். அவர்கள் பக்கம் மேளம் அதிர்ந்தது. சிவப்புத் துண்டுக்காரர் சரவெடியைப் பிரித்துத் தரையில் நீளமாக விரித்தார். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். டிராக்டரில் அவன் இல்லை. மதிலைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தான். எங்கள் பக்கம் வரவில்லை. நேராக அவர்கள் பக்கம் போய், சிவப்புத் துண்டுக்காரரின் கையைப் பிடித்துவிட்டான்.

"வேண்டாங்க. இப்ப வெக்காதீங்க."

"யாருப்பா நீ? கைய விடு!"

"போன வருசம் வெச்சது நாந்தாங்க."

அவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது?"

"நாந்தாங்க. பொகை பூரா களத்து மேல போயிரும். ஒங்க ஆளுங்களுக்கும் பந்து தெரியாது, எங்க ஆளுங்களுக்கும் தெரியாது. ஆடி முடிக்கட்டுங்க. யாரு பக்கம் முடிஞ்சாலும் அப்பறம் வெச்சிக்கலாம்."

எங்கள் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. பெரியப்பா தான் போட்ட கட்டுப்பாட்டை மறந்து, திரும்பிக் கத்திவிட்டார்: "அடேய், வுட்டுத் தொலைடா! வெச்சா அவனுங்கதானே தோப்பானுங்க!"

அண்ணன் கையை விடவில்லை. சிவப்புத் துண்டுக்காரர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். பிறகு தீப்பெட்டியை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

பாய் வலையின் ஓரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பந்து வந்தபோது அவர் எகிறியதை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிப் பார்க்க முடியும். இடுப்பு வரைக்கும் வலைக்கு மேலே இருந்த மாதிரி இருந்தது. சர்வீஸ் எங்களுக்கு வந்தது. பாயே சர்வீஸ் போட்டார். அவர்கள் எடுத்த பந்து வெளியே போயிற்று. பதினைந்துக்குப் பதினைந்து. அடுத்ததை அவர்கள் திருப்பி அடித்தபோது வலையில் பட்டு அவர்கள் பக்கமே விழுந்தது. பதினாறு. கடைசிப் பந்து பல முறை இங்கும் அங்கும் போய் வந்தது. எங்கள் ஆள் ஒருவர் விழுந்து புரண்டு எடுத்துக் கொடுக்க, பாய் கோட்டின் மேலேயே அடித்தார். சுண்ணாம்பு தெறித்தது.

நடுவர் நீளமாக விசில் ஊதினார்.

எங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. யாரும் நம்பவில்லை. மறுபடி முதுகைக் காட்டி நின்ற பெரியப்பா மெதுவாகக் கேட்டார், "என்னடா ஆச்சு?"

அதுவரை யாரும் சொல்லக் கூடாது என்றிருந்த சொல்லை நான்தான் சொன்னேன். மெதுவாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஜெயிச்சுட்டோம் பெரிப்பா!" என்று அது மைதானம் முழுவதும் கேட்டது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

அதன் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள் என்று தெரியாது. மூன்று செட்டுக்கும் அடக்கி வைத்த சத்தம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. துண்டைக் கடித்துக்கொண்டிருந்தவர் அதையே சுற்றிச் சுற்றி ஆடினார். ஆனால் ஒரு மாலை இல்லை, ஒரு மேளம் இல்லை. கத்தி முடித்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அப்போது சிவப்புத் துண்டுக்காரர் சரவெடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அண்ணனின் கையில் கொடுத்தார். "எங்களுக்கு எதுக்கு இனிமே? நீயே வையி. ஆனா தீப்பெட்டி தர மாட்டேன். அதாச்சும் எங்ககிட்ட இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் பழக்கத்தில் மடியைத் தடவினார்கள். ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை. எல்லாம் சொசைட்டி ஜன்னலில் இருந்தன.

பெரியப்பா இரண்டு தடவை கனைத்தார். அந்தப் பக்கம் திரும்பினார், இந்தப் பக்கம் திரும்பினார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்தார். அதன் மடிப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியும் இரண்டு பீடியும் விழுந்தன.

"அடப்பாவி மனுசா!" என்று பீடி கேட்டவர் அலறினார். "எங்கள மட்டும் காலையிலருந்து காய வுட்டீங்களே!"

பெரியப்பா அவரைக் கண்டுகொள்ளவில்லை. காலையில் அண்ணனின் பையைத் தடவிய அதே கையால் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். "இந்தாடா. வெய்யி."

அண்ணன் சரவெடியை மைதானத்துக்கு வெளியே, காற்று ஆடுகளத்துப் பக்கம் போகாத இடமாகப் பார்த்து விரித்தான். குச்சியைக் கிழிக்கப் போனவன் நிறுத்தினான். திரும்பி, ஏறி நின்ற மேஜையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நடுவரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்.

"சார், ஆட்டம் முடிஞ்சுபோச்சுங்களா?"

அவருக்கும் போன வருஷத்துக் கதை தெரியும். விசிலை எடுத்து இன்னொரு முறை ஊதினார். "முடிஞ்சுதுப்பா. தைரியமா வையி."

சரம் நெடுநேரம் வெடித்தது. பாய் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டார். இரண்டு கூடைத் தக்காளியையும் எங்கள் ஆட்கள் வெடிக்குப் பதிலாக எதிரணியின் வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது கோப்பை அண்ணனின் மடியில் இருந்தது. அதே ஊரில் அதே அம்மா வாசலில் நின்றிருந்தார்.

"தக்காளி வித்துச்சாப்பா?"

அண்ணன் பின்பெட்டியில் எழுந்து நின்று கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"நல்ல வெலைக்குப் போச்சுங்க!"

வீட்டில், துவைத்துப் போட்டிருந்த துணிப்பை கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் அண்ணன் அதில் வலையையும் பந்தையும் போட்டு எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.