வருஷத்தை மட்டும் பார்த்தேன்

என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். கல்யாணம் பேசிய காலத்தில் அது பெரிய குறையாக இருந்தது. முப்பத்தெட்டு வயதில் அந்த உயரத்துக்காகவே எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

அதற்கு முன் பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருந்தேன். ஊரடங்கு முடிந்து திறந்தபோது பாதிப் பேரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் மீதிப் பாதியில் இருந்தேன். நீலசந்திராவில் எங்கள் மேல்வீட்டுப் பெண்தான் சொன்னாள். "பிரிகேட் ரோட்ல ஒரு எடத்துல லேடி பவுன்சர் கேக்கறாங்கக்கா. உங்கள பாத்தாலே எடுத்துப்பாங்க."

அப்படியேதான் நடந்தது. முதலாளி நிமிர்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். "ஆயித்து, நாளைக்கே வந்துடும்மா" என்றார், பாதி கன்னடத்தில்.

பிரிகேட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த இடம். மற்ற நாட்களில் சாதாரண பப். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணிக்கு ஆட்டம். ஆண்கள் புடவை கட்டியும் கவுன் போட்டும் ஆடுவார்கள். பெண்கள் மீசை ஒட்டிக்கொண்டு வருவார்கள். நடுவில் ஒருவர் மைக்கைப் பிடித்து, வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஜோக்கெல்லாம் சொல்லுவார். இருபத்தொரு வயது ஆகாத யாரையும் உள்ளே விடக் கூடாது. அதைப் பார்க்கத்தான் நான். ஆண்களின் பையைச் சோதிக்க ஒரு பாய் இருந்தார், ஷிவாஜிநகர்க்காரர், என்னைவிட அரையடி குட்டை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தே பாதி கூட்டம் சிரித்துக்கொண்டு படியேறும்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பிரியாணி சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் நான் வேலைக்குக் கிளம்புவேன். ஹோட்டலில் வேலை என்று சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "ஹோட்டல்னு சொன்னா பொய் இல்லியே, சிக்கன் சிக்ஸ்டிஃபைவ் போடறாங்க இல்ல?" என்பார்.

வாசலில் நின்ற முதல் மாதத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒருவர் கையில் கொடுக்கும் கார்டில் தேவைக்கு மேல் நிறைய இருக்கிறது. பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது கிராஸ் என்று குறுக்குத் தெரு வரை. கார்டை நீட்டும்போதே சிலர் கட்டை விரலால் பெயரை மூடிக்கொள்வார்கள். ஒரு நாள் ஒரு பெண்ணின் ஆதாரைப் பார்த்து, "அட, நீங்களும் நீலசந்திராவா?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கார்டைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே படியிறங்கிப் போய்விட்டாள். அப்புறம் வரவே இல்லை. அவள் முகம் வெளுத்தது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பிறந்த வருஷம் இருக்கும் வரியை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். விலாசம் பின்பக்கம் இருக்கும் என்பதால் ஆதாரைத் திருப்பிப் பார்க்க மாட்டேன். மேலே பெயர் இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும், பழகிவிட்டது.

அந்த வாசலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அறுபத்தைந்து வயதுத் தம்பதி ஒன்று மாதம் தவறாமல் வரும். அந்த அம்மா வேண்டுமென்றே கார்டை எடுத்து நீட்டி, "சரியா பாரும்மா, எனக்கு வயசு ஆயிருக்கான்னு" என்பார். நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு மேடம்" என்பேன். இருபத்தொன்று முடிந்த அன்றைக்கே வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. உள்ளே விட்டதும் எனக்கு நன்றி சொல்லுவார்கள், என்னவோ நான்தான் அவர்களுக்கு வயது கொடுத்த மாதிரி.

மூன்றாவது வருஷம் முதலாளி பெரிய போன் மாதிரி ஒரு டேப் வாங்கி வந்தார். இனிமேல் வருகிறவர்களின் கார்டைப் படம் எடுக்க வேண்டும், போன் நம்பரும் ஏற்ற வேண்டும் என்றார். "சேஃப்டிம்மா. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, நாம செக் பண்ணோம்னு காட்டணும் இல்ல?" பாய்க்கு அது பிடிக்கவில்லை. "நக்கோ சார், வேணாம், ஆளுங்க பயந்துடுவாங்க" என்று சொல்லிப் பார்த்தார். முதலாளி கேட்கவில்லை.

ஆட்கள் பயந்தார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் வாயில் வந்த நம்பரைச் சொன்னார்கள். ஞாயிறு தவறாமல் ஒரு தோள்பையோடு வரும் ஒரு தம்பி இருந்தான். இருபத்தாறு வயது இருக்கும். அதிகம் பேச மாட்டான். இடைவேளைக்குப் பிறகு பார்வையாளர்களும் பெயர் கொடுத்து ஆடலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கான உடுப்பு அந்தப் பையில் இருக்கும். நம்பர் கேட்டதும் அவன் திகைத்தான். அப்புறம் ஒரு பத்து இலக்கத்தைத் தடங்கலில்லாமல் சொன்னான். நான்தான் என் விரலால் தட்டி ஏற்றினேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், டேப்பில் இருந்த எல்லா நம்பருக்கும் முதலாளி மெசேஜ் அனுப்பிவிட்டார். இடத்தின் பெயர், விலாசம், 'எங்கள் ஆட்டத்துக்கு வந்ததற்கு நன்றி, இந்த ஞாயிறும் வாருங்கள்' என்று.

அந்த ஞாயிறு மூன்றே முக்காலுக்கு, கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு பெண் படியேறி வந்தார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே போனை நீட்டினார்.

"இந்த எடம்தானே இது? என் நம்பர் உங்ககிட்ட எப்படி வந்துது?"

அவர் ஆஸ்டின் டவுனில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கணக்கு மிஸ். போன மாதம்தான் மகளின் மார்க் பற்றி அவர் முன்னால் கைகட்டி நின்றிருந்தேன். இப்போது அவர் நிமிர்ந்தார்.

"நீங்க… நைன்த் பி-ல…"

"ஆமா மிஸ்."

பாய் நிலைமை புரிந்து, வரிசையில் இருந்த மற்றவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, நீங்களா இருக்கறது நல்லதாப் போச்சு" என்றார் மிஸ், குரலைத் தாழ்த்தி. "நான் இங்க வந்ததே இல்ல. யாரோ என் நம்பர குடுத்திருக்காங்க. யாருன்னு பாத்துச் சொல்லுங்க."

டேப் என் கையில்தான் இருந்தது. நம்பரைத் தட்டினால் படத்தோடு வந்துவிடும். எனக்குத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர் தன் நம்பரைச் சொன்னார்; கடைசி நாலு இலக்கத்தைக் கேட்டதுமே அந்தத் தம்பியின் குரல் ஞாபகம் வந்துவிட்டது. அவன் அரை மணி நேரத்துக்கு முன்பே உள்ளே போயிருந்தான்.

"உங்க நம்பர இப்பவே எடுத்துடறேன் மிஸ். அது உங்க நம்பர். தப்பு எங்களுதுதான். ஆனா யார் குடுத்தாங்கன்னு சொல்ல மாட்டேன்."

"என் தம்பிதானே?" அவர் போனில் ஒரு படத்தைத் தேட ஆரம்பித்தார்.

"போட்டோவ காட்டாதீங்க மிஸ். பாத்தா என் மூஞ்சியே சொல்லிடும்."

அவர் கை நின்றது. கண் சிவந்திருந்தது. கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "நீங்களும் ஒரு அம்மா. நாளைக்கு உங்க பொண்ணு உங்ககிட்ட சொல்லாம இப்படி எங்கியாவது போனா, அந்த வாசல்ல இருக்கறவங்க உங்களுக்குச் சொல்ல வேணாமா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். என் மகளின் முழுப் பரீட்சை, அடுத்த வருஷம் டென்த், எல்லாம் இவர் கையில் இருக்கிறது என்பதும் கூடவே ஓடியது.

"வேணாம் மிஸ். எனக்குக் கோவம் வரும். சண்டை கூட போடுவேன். ஆனாலும் அவங்க சொல்லக் கூடாது."

அவர் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். பாய் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார்.

"டான்ஸ் மிஸ். வேஷம் கட்டி ஆடுவாங்க. ஜோக் சொல்வாங்க, கொஞ்சம் ஒரு மாதிரி ஜோக்கு. குடிக்கறவங்க குடிப்பாங்க. அவ்ளோதான்."

"யார் வேணா போலாமா?"

"இருபத்தொண்ணு ஆனவங்க யாரா இருந்தாலும் போலாம்."

"நான் வந்தேன்னு அவன்கிட்ட சொல்வீங்களா?"

"அதையும் சொல்ல மாட்டேன் மிஸ்."

அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகம் சற்று இளகியது. கைப்பையைத் திறந்து ஆதாரை எடுத்து நீட்டினார். நான் வருஷத்தைப் பார்த்தேன். என்னைவிட மூன்று வருஷம் சின்னவர்! பள்ளிக்கூடத்தில் அவர் முன்னால் நான் எப்படி நடுங்கியிருக்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஏத்தணுமா?"

"சார்ஜ் இல்ல மிஸ். நீங்க போங்க."

டேப்பில் பேட்டரி எண்பது சதவீதம் இருந்தது. பாய் மெள்ள இருமினார்.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பாட்டுச் சத்தம் கேட்டது, கைதட்டல் கேட்டது, ஒரு இடத்தில் விசில் கேட்டது. வாசலில் நின்று நான் என் மகளுக்கு வேறு எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மிஸ் வெளியே வந்தார். அவருடைய வலது கன்னத்திலும் புடவைத் தோளிலும் வெள்ளி மினுமினுப்பு ஒட்டியிருந்தது. பின்னாலேயே அந்தத் தம்பி, முகத்தை அவசரமாகக் கழுவி, காதோரம் இன்னும் சாயம் இருக்க, இரண்டு பேருடைய பையையும் தூக்கிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கண் கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. மிஸ்ஸுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"அவங்கள பாக்காத. அவங்க ஒண்ணுமே சொல்லலடா. நானாதான் வந்தேன்" என்றார். பிறகு என்னிடம், "ஏன்டா என் நம்பர குடுத்தேன்னு இவன்கிட்ட கேட்டேன். இவன் நம்பர விட்டா மனப்பாடமா தெரிஞ்சது அது ஒண்ணுதானாம்" என்றார்.

இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "ஆட்டம் சுமார்தான். எட்டு எண்ணித் திரும்பணும், இவன் ஏழுலயே திரும்பிடறான்."

"அக்கா!" என்றான் தம்பி.

அடுத்த நாள் நானும் பாயும் முதலாளியின் அறைக்குப் போனோம். நான் அதுவரை அவரிடம் இரண்டு வரிக்கு மேல் பேசியதில்லை. வயசு பார்க்கிறது வேறு சார், பேரை எடுத்து வைத்துக்கொள்கிறது வேறு என்றேன். வயசைக் கண்ணால் பார்த்தால் போதும். பார்த்ததைக் கையில் வைத்திருந்தால் யாராவது ஒரு நாள் கேட்பார்கள், அன்றைக்கு நான் இல்லாமல் வேறு யாராவது நின்றால் காட்டிவிடுவார்கள் என்றேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு சொல்லியிருக்கீங்க?" என்று பாய் கேட்டார்.

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். "ஏதோ ஈவென்ட் ஆபீஸ்னுதான்" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டேப்பை வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அழித்தார். முழுதாக அழிந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகு மெசேஜ் யாருக்கும் போகவில்லை. மிரண்டு போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. நீலசந்திராப் பெண்ணைப் போல அவர்களையும் நினைத்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தில் அடுத்த மீட்டிங்குக்குக் கூசிக்கொண்டேதான் போனேன். புதிதாக வந்த கிளாஸ் டீச்சர் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே, "அம்மா எங்க வேலை பாக்கறீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேஜையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த கணக்கு மிஸ், தலை நிமிராமலே, "அவங்க ஹோட்டல்ல இருக்காங்க" என்றார். பிறகு என் மகளின் பேப்பரை எடுத்து வைத்து, அல்ஜீப்ராவில் எங்கெங்கே கோட்டை விட்டிருக்கிறாள் என்று பத்து நிமிஷம் காய்ச்சி எடுத்தார். எனக்காக ஒரு மார்க்கும் கூடுதலாகப் போடவில்லை.

தம்பி ஒரு மாதம் வரவில்லை. அம்மா அப்பாவுக்குத் தெரியாது, தெரியப்படுத்தவும் போவதில்லை என்று மிஸ் பின்னால் ஒரு தடவை சொன்னார். அவருக்கே அந்த உடுப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். ஆனால் ஒரு ஞாயிறு அக்காவும் தம்பியும் சேர்ந்து படியேறி வந்தார்கள். இரண்டு பேரும் கார்டை நீட்டினார்கள், நான் வருஷத்தைப் பார்த்தேன், போனார்கள்.

இடைவேளை முடிந்ததும் பாய் என்னை முழங்கையால் இடித்தார். "போய்ப் பாத்துட்டு வாம்மா. நான் நிக்கறேன்." அத்தனை வருஷத்தில் நான் ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. கதவோரமாக உள்ளே போய் இருட்டில் நின்றேன். நீலப் பாவாடையில் அந்தத் தம்பி சுழன்றுகொண்டிருந்தான். மூன்றாவது வரிசையில் மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் வைத்த கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவன் சரியான இடத்தில் திரும்பியபோது எல்லோருக்கும் முன்னால் கைதட்டியது அவர்தான். நானும் தட்டினேன். அதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது என்று பாய் கூப்பிட்டார். போய் நின்றுகொண்டேன்.