தேவரா வரை ஒரு குப்பி ரத்தம்

வீரலட்சுமிக்கு டைஃபாய்டு வந்தது தொண்ணூற்று மூன்றில், கல்யாணமாகி நாலாம் மாதம். மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. வேறொன்றைக் கொடுத்தார்கள், அதற்கும் அசையவில்லை. மூன்று மருந்து தோற்றபின், இருபத்தாறாம் நாள், எறணாகுளத்திலிருந்து வரவழைத்த ஊசியில்தான் உடம்பு குளிர்ந்தது. தலைமுடி மொத்தமும் கொட்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அந்த ஊசி வந்து சேர்வதற்குள் குடல் ஓட்டையாகிவிட்டது. அவளை வெள்ளைத்துணி போர்த்தி வெளியே தள்ளிக்கொண்டு போனதை வீரலட்சுமி படுத்தபடியே பார்த்தாள்.

கணவன் பாலையாவுக்கு முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை. அவன் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கொச்சங்காடியில் அவர்கள் சந்தில் பாதி வீடுகள் அப்படி வந்தவைதான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பத்தாம் வகுப்பு படித்த வீரலட்சுமிக்குத் தமிழில் தன் பெயரை மட்டும்தான் எழுத வரும்.

தொண்ணூற்றெட்டில் தேவராவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். கழுவுகிற குப்பியில் என்ன இருந்தது என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. கேட்டுக் கேட்டே, தன்னை இருபத்தாறு நாள் படுக்கவைத்த கிருமி எப்படி மருந்துக்குப் பழகிப் போகிறது என்று தெரிந்துகொண்டாள். இரண்டாயிரத்து மூன்றில் அந்தக் கூடம் ஒரு புதிய டைஃபாய்டு தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கியபோது, அங்கிருந்த டாக்டர் ஜெயலக்ஷ்மி அவளைக் கூப்பிட்டார்.

"வீடு வீடா போய்ப் பேச ஒரு ஆள் வேணும். மலையாளமும் தமிழும் தெரியணும். நீங்க வரேளா?"

வீரலட்சுமி தன் சந்திலிருந்தே ஆரம்பித்தாள். "மருந்துக்குப் படியாத கிருமி இது. வந்தப்புறம் அடிக்கிறத விட வராம தடுக்கணும்" என்பாள். கூடவே மறைக்காமல் ஒன்றையும் சொல்வாள். குப்பிகளில் பாதி டைஃபாய்டு ஊசி, பாதி மஞ்சள்காமாலை ஊசி. எதில் எது என்று குப்பி மேல் ஒட்டிய எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. யாருக்கு எது போகிறதென்று முத்திரையிட்ட கவரில் எழுதி வைத்திருக்கும், டாக்டருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் பார்வை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அப்படி. சோதனை முடிந்தபின் மற்ற ஊசியையும் எல்லோருக்கும் போடுவார்கள்.

முதல் ஊசியைத் தன் மகன் ஜிதினுக்குப் போடச் சொன்னாள். அதைப் பார்த்துத்தான் சந்தில் எழுபது வீடு சம்மதித்தது.

ஊசி போட்ட ஆறாம் நாள் ஹர்த்தால். கடை இல்லை, பஸ் இல்லை, படகு இல்லை. காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டு பிந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, விஜிக் கொச்சுக்குப் பனி, காய்ச்சலா கொதிக்குது. மூணு நாளாச்சு. நேத்து வரைக்கும் சாதா காய்ச்சல்னு நெனச்சேன்."

பிந்துவின் ஐந்து வயது மகள் விஜி, அவளும் அந்த ஊசி போட்டுக்கொண்டவள், பாயில் கிடந்தாள். நாக்கில் வெள்ளை படர்ந்திருந்தது. கண் திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை. வீரலட்சுமி அந்தப் பார்வையை அறிவாள். பிந்துவின் கையில் மருந்துக்கடைக்காரர் முந்தின நாள் கொடுத்த மாத்திரை அட்டை இருந்தது.

"ஏதாச்சும் கொடுத்தியா?"

"இல்லக்கா. இப்பத்தான் கொடுக்கப் போறேன்."

"கொடுக்காதே. ரத்தம் எடுத்தப்புறம் கொடுக்கலாம். மாத்திரை உள்ள போயிட்டா ரத்தத்துல கிருமி சிக்காது. எந்த மருந்து கேக்கும்னே தெரியாமப் போகும்."

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பிந்துவின் அண்ணன் பிச்சை முன்னால் நின்றான். சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறவன், சந்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"மருந்தையும் கொடுக்க விடமாட்டியா? எந்தக் கிருமியடீ குத்தினீங்க எங்க கொச்சுக்கு?"

"கிருமி குத்தலண்ணே."

"பின்ன என்ன குத்தினீங்க? சொல்லு."

"அது எனக்கும் தெரியாதுண்ணே" என்றாள் வீரலட்சுமி. எது குத்தப்பட்டது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அந்தப் பதிலைக் கூட்டம் வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. "அவ பையனுக்கு மட்டும் நல்ல ஊசி போட்டிருப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

டாக்டர் ஜெயலக்ஷ்மி இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். பாலையா ஓடிப்போய்ச் சொன்னதும் பையோடு நடந்தே வந்துவிட்டார். பிச்சை வழியை மறித்தான்.

"எழுதி வெச்ச கவரைப் பிரிங்க டாக்டரே. என்ன ஊசின்னு இப்பத் தெரியணும்."

"எனக்கும் தெரியாது. பிரிச்சாலும் சிகிச்சை மாறப்போறதில்லை. ரெண்டு ஊசியிலயும் உசிருள்ள கிருமி கிடையாது. முதல்ல குழந்தையைப் பார்க்க விடுங்கோ."

"தெரியாமலா குத்தினீங்க?"

வீரலட்சுமி பிந்துவின் முன்னால் உட்கார்ந்தாள். "பிந்து, எனக்கு மூணு மருந்து மாத்தினாங்க. மூணும் தோத்துச்சு. இருபத்தாறு நாள். என் தலை மொட்டையா இருந்தத நீயே பார்த்திருக்கே. விஜிக்கு அவ்வளவு நாள் தாங்காது. ஒரே ஒரு தடவை ரத்தம் எடுக்க விடு."

பிந்து அண்ணனைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு மாத்திரை அட்டையைத் தரையில் வைத்துவிட்டு விஜியின் கையை நீட்டிப் பிடித்தாள்.

ரத்தம் குப்பியில் இறங்கியது. டாக்டர் குழந்தையோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகப் பிச்சை ஆட்டோவைக் கிளப்பினான். குப்பி தேவராவுக்குப் போயாக வேண்டும். வீரலட்சுமி ஆட்டோ அருகில் வந்ததும் அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"உன் குப்பியை நீயே தூக்கிக்கிட்டுப் போ."

டாக்டர் உள்ளேயிருந்து தலை நீட்டினார். "ஐஸ்ல வெச்சுடாதீங்கோ. வெயில்லயும் காட்டாண்டாம். உடம்புச் சூட்டோட இருந்தாப் போதும்."

குப்பியைத் துண்டில் சுற்றி, சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் தூக்கிப் பழகிய கைக்கு இது புதுசாக இருந்தது. தோப்பும்படியில் சாலையின் குறுக்கே டயர் எரிந்துகொண்டிருந்தது. கொடி பிடித்த நாலு பேர் நிறுத்தினார்கள்.

"எங்கே போறீங்க சேச்சி? மடியில் என்ன?" என்று மலையாளத்தில் கேட்டான் ஒருவன்.

"ஒரு குழந்தையோட ரத்தம். லேபுக்கு."

காட்டச் சொன்னான். துண்டை விலக்கினாள். குப்பியைப் பார்த்தவன் ஒதுங்கி வழிவிட்டான்.

பாலத்தில் நிழல் ஒரு பொட்டுகூட இல்லை. வெல்லிங்டன் தீவைக் கடக்கும்போது செருப்பு வார் அறுந்தது. கழற்றி எறிந்துவிட்டுத் தாரில் நடந்தாள். கால் வெந்தது. அதைவிட மனசு வெந்தது. டாக்டர் சொன்னது சரிதானா? கிருமியின் மேலே ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பொருளை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த ஊசி என்றுதான் அவளுக்குச் சொன்னார்கள். அவள் குப்பி கழுவியவள், ஊசி செய்தவள் இல்லையே. எழுபது வீட்டு வாசலில் நின்று சத்தியம் செய்தது அவள் வாய். ஜிதினின் நெற்றியைக் காலையில் தொட்டுப் பார்த்தோமா என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. நடையை வேகமாக்கினாள்.

ஒரு மணிக்குக் குப்பி தேவராவில் கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டிக்குள் போனது.

பதில் வர மூன்று நாள். அந்த மூன்று நாளில் பதினொரு வீட்டார் ஊசி போட்டபோது கொடுத்த அடையாள அட்டையை அவள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. பாலையா சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "ராஜி எழுதிக் கொடுத்துரு, இந்த வேலையே வேண்டாம். நாம இங்க இருந்து பொழைக்கணும்."

"விஜிக்கு என்னன்னு தெரியட்டும். அப்புறம் எழுதறேன்."

மூன்றாம் நாள் டாக்டர் காகிதத்தோடு வந்தார். டைஃபாய்டு கிருமிதான். பழைய மூன்று மருந்தும் அதைத் தொடவில்லை. மருந்துக்கடை மாத்திரைக்கும் அது அரைகுறையாகத்தான் மசிந்தது. முதல் நாளே டாக்டர் ஆரம்பித்திருந்த ஊசிமருந்து மட்டும் முழுசாகக் கேட்டது. தடுப்பூசி போட்ட மூன்றாம் நாளே காய்ச்சல் தொடங்கியதென்றால், கிருமி அதற்கு ஒரு வாரம் முன்பே குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும் என்றார்.

காகிதத்தைச் சந்து நம்பவில்லை. அதே வாரம் ஊசியே போடாத வேறு இரண்டு குழந்தைகளுக்கும் காய்ச்சல் வந்தபோதுதான் முணுமுணுப்பு அடங்கியது. பாலையாவும் கூட்டாளிகளும் சந்தின் சாக்கடை ஓடையைத் தோண்டினார்கள். சாக்கடைக்குள் ஓடிய குடிநீர்க் குழாய் ஒரு முழத்துக்கு வெடித்துக் கிடந்தது.

விஜி ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கப்பைக்கிழங்கு கேட்டாள்.

பதினொரு வீட்டில் ஏழு திரும்பி வந்தது. நாலு வரவில்லை. பிச்சை வீரலட்சுமியிடம் அப்புறம் பேசவே இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து கடைசியில் கவர்களைப் பிரித்தார்கள். டைஃபாய்டு ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. டாக்டர் பட்டியலில் விரலை ஓட்டிக் காட்டினார். விஜிக்குப் போனது மஞ்சள்காமாலை ஊசி. இரண்டு வரி கீழே ஜிதின். அவனுக்கும் அதேதான்.

வீரலட்சுமி அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். இரண்டு வருடம் மகனுக்கு அந்த ஊசி காவல் இருப்பதாக உள்ளுக்குள் நினைத்திருந்தாள். தெரியாது தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னவள், தனக்கு மட்டும் தெரியும் என்று நம்பியிருக்கிறாள்.

அடுத்த வாரம் மற்ற ஊசி போடும் நாள். வரிசையில் பிந்து விஜியோடு முதலில் நின்றாள். "ஜிதினை முன்னால விடுக்கா" என்று ஒதுங்கினாள்.

"வேண்டாம். நீ முதல்ல வந்தே, நீயே போ."

விஜி ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீரலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.