குதிரைக்காரர் கோட்டு

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படையில் யாருமே சுடவில்லை. எங்கள் ஹோல்ட்டென்பெக் ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் அப்பாமார் சமைத்தார்கள், கடிதம் பிரித்தார்கள், லாரி ஓட்டினார்கள். ருஷ்யாவின் பாதிவரைக்கும் நடந்துபோய் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு, நல்ல பிள்ளைகளாகத் திரும்பி வந்தார்கள். இந்த மகத்தான சமையல் படை போட்டிருந்த கோட்டுகளைப் புரட்டிப் பார்த்து அசலா போலியா என்று எழுதிக் கொடுப்பதுதான் ஹின்னெர்க் பெஹ்ன்கேயின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

மற்ற நாட்களில் அவர் சந்தைத் தெருவில் பேன்ட்டுக்கு ஜிப் மாற்றும் தையல்காரர். மாதத்தின் முதல் ஞாயிறன்று துப்பாக்கிச் சங்க மண்டபத்தில் பழைய ராணுவச் சாமான் சந்தை கூடும். ஸ்வஸ்திகாவை வெளியே காட்டுவது சட்டப்படி குற்றம். ஆகவே வியாபாரிகள் அதன்மேல் விலைச் சீட்டை ஒட்டிவிடுவார்கள். பாவத்தை மறைத்த மாதிரியும் ஆயிற்று, விலை சொன்ன மாதிரியும் ஆயிற்று. ஓர் ஓரத்தில் மேசை விளக்கு, பூதக்கண்ணாடி, ஒரு தட்டில் வெண்ணெய்க் கேக் சகிதம் ஹின்னெர்க் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கோட்டுகளில் பிற்பாடு யாரும் கை வைக்காத கோட்டே கிடையாது. போர் முடிந்ததும் சின்னங்களைப் பிய், சாயம் போடு என்று உத்தரவு வந்தது. ஊரே பிய்த்தது, ஊரே பழுப்புச் சாயத்தில் முக்கியது. ஐம்பது வருஷம் கழித்து, பிய்த்த சின்னத்துக்கு நல்ல விலை என்று தெரிந்ததும் வியாபாரிகள் திரும்ப ஒட்டித் தைக்கிறார்கள். கோட்டு வைத்திருக்கும் வீட்டாருக்கு அது பரம சாதுவாக இருக்கவேண்டும். வியாபாரிக்கு அது எவ்வளவு கொடூரமோ அவ்வளவு நல்லது. ஹின்னெர்க் இரண்டு பேர் வாயிலும் மண்ணைப் போடுவார்.

தொண்ணூற்றேழு அக்டோபரில் ஒரு ஞாயிறு. வியாபாரி டெட்லெஃப் முதல் ஆளாகக் கோட்டை விரித்தான்.

“அண்ணே, காலர் பட்டை அசல். கண்ணை மூடிக்கிட்டு எழுதலாம்.”

“கண்ணை மூடினாத்தான் எழுத முடியும்,” என்று ஹின்னெர்க் புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டினார். நூல் பளபளவென்று மின்னியது. “பாலியெஸ்டர் நூல்டா, போருக்கு அப்புறம் வந்தது. உன் வீரர் செத்து இருபது வருஷம் கழிச்சு எந்திரிச்சு வந்து தைச்சாரா?”

அடுத்தது ராடெமாஹர் அம்மாள். அவருடைய அப்பா சமையல்காரர், வேறென்ன. ஹின்னெர்க் காலரைத் தடவினார். ஓரிடத்தில் மட்டும் துணி வெளுக்கவில்லை, சுற்றிலும் ஊசித் துளைகள்.

“இங்க கொலைகாரப் பட்டாளத்தோட பட்டை இருந்திருக்கும்மா. சமையல்காரருக்கு எதுக்கு அது? சூப்புல உப்பு சரியா இருந்ததுக்குக் குடுத்த பரிசா?”

மண்டபம் சிரித்தது. அந்த அம்மாள் முகம் சிவந்து, கோட்டை மடித்துக்கொண்டு ஒதுங்கினார். ஹின்னெர்க் கேக்கில் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டார். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த நிமிஷத்தில் அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

ஹின்னெர்க்கின் அப்பா மட்டும் படையில் நிஜமாகவே குதிரைக்காரர். குதிரைக்குத் தீனி வைத்தார், லாடம் பார்த்தார், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது ஹின்னெர்க்குக்குச் சிரிப்பு வராது.

அடுத்த டோக்கனோடு வந்தது அவருடைய அக்கா அல்மூட். கையில் அப்பாவின் கோட்டு.

“என்னக்கா, வீட்டுல குடுக்கக் கூடாதா?”

“வீட்டுல குடுத்தா இருபது வருஷமா அப்புறம் பாக்கிறேன்னுதானே சொல்றே? அடுத்த வாரம் மியூசியத்துல அப்பா பேரைப் போட்டு மாட்டறாங்க. மேயர் வர்றார். உன் கையெழுத்து இல்லாம வாங்க மாட்டாங்களாம். போடு, போறேன்.”

படிவத்தில் ‘அணிந்தவர்’ என்ற இடத்தில் அப்பா பெயரை அவளே அழகாக எழுதியிருந்தாள். ஹின்னெர்க் பழக்க தோஷத்தில் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பினார். தொழிற்சாலை குத்திய அளவு முத்திரை தெளிவாக இருந்தது. மார்பு தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர், சின்ன ஆள் அளவு. அவர்கள் அப்பாவோ வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டே வாழ்ந்து முடித்த ஆள்.

பூதக்கண்ணாடியை எடுத்தார். அக்குள் இரண்டையும் பிரித்து ஒட்டுத் துணி கொடுத்திருந்தது. கைகள் நாலு விரற்கடை நீட்டப்பட்டிருந்தன. ஒட்டுத் துணி சாயம் போட்ட கம்பளி.

“என்னடா முழிக்கிறே?”

“ஒட்டுப் போட்டது இங்கிலீஷ்காரன் பட்டாளத்துப் போர்வை, அக்கா. அவன் நம்ம ஊருக்குள்ள வந்ததே நாப்பத்தஞ்சுல. அதுக்கு முன்னால இதை அப்பா மாட்டியிருக்கவே முடியாது.”

“வந்தப்புறம் குண்டாகியிருப்பார்.”

“நாப்பத்தஞ்சுலயா? உருளைக்கிழங்குத் தோலை வேகவெச்சுத் தின்ன வருஷத்துலயா? சரி, கையும் வளர்ந்துதாக்கும்?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹின்னெர்க் சிரிக்கவில்லை. பொத்தான் போட முடியாத, அடுத்தவன் கோட்டை ஒருவன் எதற்கு மாட்டிக்கொண்டு வருவான்? கொலைகாரப் பட்டை தைத்த தன் கோட்டோடு பிடிபட்டால் கதை முடிந்தது என்பவன்தான் வருவான். இதை அவரே இந்த மேசையில் எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கியிருக்கிறார்.

அல்மூட்டின் குரல் இறங்கியது. “அம்மா சொல்லுவாளேடா. போறப்போ போட்டுக்கிட்டுப் போன அதே கோட்டுல வாசல்ல வந்து நின்னார்னு.”

ஹின்னெர்க் ஒட்டுத் துணியை விளக்கடியில் பிடித்தார். தையல் முழுக்க எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடதுகைத் தையல். இடதுகைக்காரியான அம்மாவிடம்தான் அவர் ஊசி பிடிக்கக் கற்றார். அவள் பழக்கிவிட்ட அந்தச் சாய்வை மாற்ற, வேலை பழகிய கடையில் ஒரு வருஷம் திட்டு வாங்கினார். இந்தத் தையலைப் பார்க்க அவருக்குப் பூதக்கண்ணாடியே வேண்டாம்.

“யாரு தைச்சிருக்கா பாரு.”

அல்மூட் பார்த்தாள். தையல்மேல் விரலை ஓட்டினாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“கிழவி கூசாம நாப்பது வருஷம் சொல்லியிருக்கா.”

“ஹின்னெர்க், வேண்டாம்டா. அவங்களே போய்ச் சேர்ந்தாச்சு. கோட்டு அசல்தானே? அதை மட்டும் எழுதிக் குடுத்துடு.”

கோட்டு அசல்தான், ஒவ்வொரு நூலும் அசல். அவர் அதை எழுதினார். திருத்தம் போருக்குப் பின் செய்தது என்றும் எழுதினார். பிறகு அப்பாவின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார்.

“அப்பா பேரையாடா அடிக்கிறே?” அல்மூட் அழுதேவிட்டாள்.

“இது அவரோடது இல்லக்கா. இதுக்குச் சொந்தக்காரன் எந்தக் குழியில வெறும் சட்டையோட கிடக்கிறானோ.”

அடித்த பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் பொடி எழுத்தில் எழுதினார்: ‘குட்டையான ஆள். மார்பு 92. பெயர் தெரியவில்லை.’