கைக்குட்டை வெள்ளையாக வரும்வரை

அந்தக் கைக்குட்டையின் ஓரத்தில் நீல நூல் தையல் இருக்கும். குவைத்தில் நான் வீட்டு வேலை செய்த டாக்டரம்மா அதை இடுப்பில் செருகி வைத்திருப்பார். புழுதிக் காற்று அடித்து ஓய்ந்து, நான் துடைத்து முடித்ததும், அதைச் சுட்டுவிரலில் சுற்றிக் கதவு நிலையின் மேல்விளிம்பு, அலமாரியின் தலை, யன்னல் சட்டத்தின் இடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தடவுவார். பிறகு என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவார்.

அவர் சென்னைக்காரர். தமிழ் வீடு கிடைத்ததே என்று கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு போனவள் நான். அவரோ என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு முன்பு அங்கே வேலை செய்தவள் ராணி. ஆகவே நானும் ராணி.

அந்த ஊர்ப் புழுதியை மணல் என்று சொல்ல முடியாது, அரித்தெடுத்த கோதுமை மா. கதவின் கீழ் ஈரத் துவாயைத் திணித்தாலும் உள்ளே வந்துவிடும். அவசரப்பட்டு ஈரத்துணி போட்டால் சேறாகி அப்பிக்கொள்ளும். காற்றில் நிற்பது முழுக்கப் படியும்வரை பொறுத்திருந்து, மேலிருந்து கீழாக முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டி, கடைசியில்தான் ஈரம் தொட வேண்டும். முடிப்பதற்குள் அடுத்த காற்று வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்பது ஒப்பந்தம். என் நாலு வயது மகளைத் தங்கை சந்தியிலுள்ள தொலைபேசிக் கடைக்குக் கூட்டிவந்து காத்திருப்பாள். டாக்டரம்மாவிடம் வேறொரு சட்டம் இருந்தது. "கர்ச்சீப் வெள்ளையா வரட்டும் ராணி, அப்புறம் பேசிக்கலாம்" என்பார். அந்தக் கோடையில் ஆறு வெள்ளி தொடர்ந்து கைக்குட்டை வெள்ளையாக வரவில்லை. ஏழாவது வெள்ளி வெள்ளையாக வந்தது, தங்கைதான் கதைத்தாள். "பிள்ளை இனி வரமாட்டன் எண்டிட்டாள் அக்கா."

அந்தப் பிள்ளைக்கு இப்போது கலியாணமாகிவிட்டது. அயல்வீட்டுக்காரியிடம் சுகம் விசாரிப்பது போலத்தான் இன்றும் என்னோடு கதைக்கிறாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவேயில்லை.

லண்டனில் நான் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். போன வருடக் கடைசியில் வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே நாற்காலியில் டாக்டரம்மா. கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. மடியில் அதே நீல நூல் கைக்குட்டை. என் குரலை அவர் அறியவில்லை. குவைத்தில் நான் அவரிடம் சொன்னதெல்லாம் "சரி மேடம்" மட்டும்தானே. இங்கே அம்மா என்று கூப்பிட்டேன்.

பார்வை போன பிறகும் மேசையைத் தடவிவிட்டுக் கைக்குட்டையை நீட்டி, "வெள்ளையா இருக்காம்மா?" என்று கேட்பார். "ஓம் அம்மா, வெள்ளைதான்" என்பேன். ஐந்து மாதம் உண்மையைத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கனடாவிலிருந்து மகன் கூப்பிடுவார். பட்டனை அமத்திக் கையில் கொடுப்பது என் வேலை. அதுவும் வெள்ளிக்கிழமை, கடவுளுக்கும் ஞாபகசக்தி உண்டு.

இந்த வசந்தத்தில் சகாராப் பாலைவனத்துத் தூசி லண்டனில் விழுந்தது. கார்களெல்லாம் காவி பூசி நின்றன. சனங்கள் படம் எடுத்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. அந்த வெள்ளி மூன்றரைக்கு அவருடைய யன்னலைத் திறந்து, வெளி விளிம்பை அவருடைய கைக்குட்டையாலேயே ஓர் இழுப்பு இழுத்தேன். அதே நிறம், அதே மா.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. "எடும்மா, என் பையன்" என்று கையை நீட்டினார். அந்தக் கையில் கைக்குட்டையை வைத்தேன்.

"லேஞ்சி இன்னும் வெள்ளையா வரேல்லை, மேடம். வரட்டும், பிறகு கதைக்கலாம்."

துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். தொலைபேசி அடித்து ஓய்ந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நிறைவாகத்தான் இருந்தது.

"ராணியா?" என்றார்.

"ராணி இல்லை" என்று என் பெயரைச் சொன்னேன். அவர் அதை மெல்ல ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

கைக்குட்டையை நான் துவைக்கவில்லை. ஆறு வெள்ளியில் ஒன்றுதான் கழிந்திருக்கிறது.