ஜோதிலிங்கமும் டோக்கியோ காபி மிஷினும்

ஜோதிலிங்கத்தைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அந்தப் பாழாப்போன மிஷினைப் பத்திச் சொல்லணும். அதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டுத்தான் வருது.

எண்பத்தொண்ணு கடைசியில, டெல்லி சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸ்ல எங்க மேல் வீட்டு ராமசுப்ரமணியன் டோக்கியோல மூணு வருஷம் உத்தியோகம் பார்த்துட்டுத் திரும்பி வந்தாரு. மத்தவங்க டேப்ரிக்கார்டர் கொண்டுவருவாங்க. இந்த மனுஷன் கொண்டுவந்தது காபி மிஷின். மேல கொட்டையைப் போட்டு, பின்னாடி தண்ணியை ஊத்தி, கடிகாரத்துல நேரத்தைத் திருப்பி வச்சுட்டுப் படுத்துக்கலாமாம். காலையில அதுவே அரைக்கும், அதுவே கொதிக்க வைக்கும், அதுவே கண்ணாடிக் குடுவையில இறக்கும். "அரைச்ச அடுத்த நிமிஷம் டிகாஷன். வாசனை வெளியில போறதுக்கே வழியில்லை, தெரியுமோ?"ன்னு காய்கறிக்காரன் வரைக்கும் பிடிச்சு வச்சுப் பீத்திக்குவாரு.

ஒரு நாள் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. வயித்தெரிச்சலைத் தள்ளி வச்சுட்டுச் சொல்றேன், வாசனை ஆளைத் தூக்கத்தான் செஞ்சது. ஆனா டிகாஷன்? கழனித்தண்ணி. பாலை ஊத்தினா கலரே வரலை. இன்னும் கொஞ்சம் நைசா அரைக்கலாம்னா அதுக்குத் திருகு கிடையாது. ஜப்பான்காரன் குடிக்கிற பதம்தான் நமக்கும்! வடிகட்டுற பேப்பர் தீர்ந்துபோனதும், அவரு சம்சாரம் வத்சலா பழைய வேட்டியைக் கத்தரிச்சுப் போட்டா. அப்புறம் அந்தச் சத்தம் இருக்கே, அடேயப்பா! விடியக்காலை அஞ்சு மணிக்கு நம்ம தலைக்கு மேல ஜல்லி உடைக்கிற மாதிரி.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கலாம். ஃபியூஸ் போனா? அஞ்சு மணிக்குத்தான் குழாய்ல தண்ணி வரும், ஆறரைக்கு நின்னுடும். எங்க படிக்கட்டுக்கு நாலு வீடு. நாலுக்கும் சேர்த்து கீழ ஒரே ஃபியூஸ் கட்டை. குளிர்காலத்துல நாலு வீட்லயும் வாளிக்குள்ள தண்ணி காய வைக்கிற ராடு ஓடும். போதாததுக்கு, குழாயில நேரா மாட்டித் தண்ணியை இழுக்கிற குட்டி மோட்டார். அதைப் போடக்கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு. போடாத வீடுதான் இல்லை. இதுக்கு மேல அந்த மிஷினும், கரண்டை நூறு வோல்ட்டுக்கு இறக்குற பெட்டியும் சேர்ந்தா டப்புன்னு எல்லாம் அணைஞ்சுடும். மிஷின் வர்றதுக்கு முன்னாடி ஃபியூஸ் போனதே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பொய்தான். முன்னாடி வாரத்துக்கு ஒருக்கா போகும், இப்ப தினம் போச்சு.

போனா ஓடி வர்றவன்தான் ஜோதிலிங்கம். காலனி வீடுகளோட ரிப்பேரைப் பார்க்கிற என்கொயரி ஆபீஸ்ல வயர்மேன், அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஒன்பது வருஷமா மஸ்டர் ரோல்ல தினக்கூலி. லீவு கிடையாது, குவார்ட்டர்ஸ் கிடையாது. பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணுங்களும் ஊர்ல. அந்த வருஷம்தான் பர்மனென்ட் பண்ற லிஸ்ட்ல அவன் பேரு வந்திருந்தது. "குவார்ட்டர்ஸ் கிடைச்சதும் மூணு பேரையும் கூட்டிட்டு வந்துருவேங்க்கா. மோதி பாக் தமிழ் ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு இடம்கூடக் கேட்டுட்டேன்"னு சொன்னான். ஒரே ஒரு புகார் வந்தாலும் பேரை அடிச்சுடுவாங்கன்னும் சொன்னான். சொன்னவன் வாயை அடக்கிக்கிட்டு இருந்திருக்கலாம். அது அவனுக்கு வராது.

"ஏங்க்கா, இது வயரா, கழுதையா? எத்தனை மூட்டைதான் ஏத்துவீங்க?"ன்னு என்னையே கேட்பான். ராமசுப்ரமணியனையும் விடலை. ஒரு நாள் மிஷினைச் சுத்தி வந்து பார்த்துட்டு, "சார், அரைக்கிறது தனியா இருக்கணும், வடிக்கிறது தனியா இருக்கணும். இதுல மேல கொட்டை, கீழ வெந்நீர். ஆவி மேலதான போகும்? பொடி நமுத்து அடைச்சுக்கிடும். ஒண்ணு செத்தா ரெண்டும் சேந்து சாகும்"னான்.

அவருக்கு முகம் சிவந்துபோச்சு. "ஜப்பான்காரனுக்குத் தெரியாதது நோக்குத் தெரிஞ்சுடுத்தோ? ஃபியூஸ் போட வந்தியா, போட்டுட்டுப் போ."

ஜனவரியில ஒரு நாள் மேல இருந்து கருகின நாத்தம். மிஷின் உர்ருன்னு முக்கிட்டு நின்னுபோச்சாம். வேடிக்கை பார்க்க நானும் ஏறிப் போனேன், எனக்குச் சந்தோஷம் தாங்கலை. ஃபியூஸ் போட வந்திருந்த ஜோதி மிஷினைக் கழட்டிப் பார்த்தான். அரைக்கிற பல்லு பூராவும் கறுப்பா, அல்வா மாதிரி அப்பிக்கிட்டு இருந்தது.

"சிக்கரி போட்டீங்களாம்மா?"

"பின்னே? சிக்கரி இல்லாம அது என்ன காபி?"ன்னா வத்சலா. வறுத்த சிக்கரித் துண்டைக் கொட்டையோட சேர்த்துப் போட்டிருக்கா. ஆவி பட்டு அது இளகி, பல்லைப் பிடிச்சு, மோட்டார் சுத்த முடியாம எரிஞ்சுபோச்சு.

ஜோதி விழுந்து விழுந்து சிரிச்சான். "ஜப்பான்காரன் இதைக் கனவுலயும் நினைச்சிருக்க மாட்டான்." நானும் சிரிச்சேன். திரும்பினா, வாசல்ல ராமசுப்ரமணியன்.

மறுநாளே இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் புகார். வயர்மேன் தப்பான ஃபியூஸ் போட்டதால தினம் கரண்டு போய் வந்து, விலை உசந்த வெளிநாட்டு மிஷின் எரிஞ்சுபோச்சாம். சிக்கரியைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை. சீ, என்ன மனுஷன்!

விசாரிக்க ஜூனியர் இஞ்சினியர் வந்தாரு, பஞ்சாபிக்காரர். பதினோரு மணி வெயில்ல எங்களையெல்லாம் படிக்கட்டுக்குக் கீழ வரச் சொன்னாரு. மிஷினைத் தேய்ச்சுக் கழுவி ஸ்டூல் மேல வச்சிருந்தாங்க. வத்சலா புருஷன் பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. ஒரு வார்த்தை சொல்லேன்டி, உன் வாயில என்ன கொழுக்கட்டையான்னு மனசுக்குள்ள அவளைத் திட்டித் தீர்த்தேன்.

இஞ்சினியர் எங்க பக்கம் திரும்பினாரு. "காலையில இந்த வீடுகள்ல ஹீட்டர், மோட்டார் ஏதாவது ஓடுதா? லோடு அதிகம்னா ஃபியூஸ் போகத்தான் செய்யும், இவன் மேல தப்பில்லை. லோடே இல்லாம தினம் போகுதுன்னா இவனுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்"னு இந்தியில நிறுத்தி நிதானமாக் கேட்டாரு.

அவ்வளவுதான் கேள்வி. ஆமான்னு ஒரு சொல்லு போதும். ஆனா மோட்டார் இருக்குன்னு தெரிஞ்சா பிடுங்கிட்டுப் போவாங்க, என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு மெமோ வரும். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன்.

"நஹீ ஜீ, எங்க வீட்ல அடுப்புலதான் தண்ணி காய வைக்கிறோம்"னு சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அம்சவேணி. என் வாயாலதான். மத்தவங்க தலையை ஆட்டினாங்க.

"நீ ஏதாவது பார்த்திருக்கியா?"ன்னு இஞ்சினியர் ஜோதியைக் கேட்டாரு. எந்த வீட்ல எந்த மூலையில மோட்டார் இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான்.

"நஹீ சாப்"னான்.

பேரை அடிச்சுட்டாங்க.

சாயங்காலம் என்கொயரி வாசல்ல அவனைப் பிடிச்சேன். எனக்கு எங்க இருந்து அந்தத் தைரியம் வந்ததோ, "ஏன் ஜோதி, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன்.

"நான் சொன்னா அது காட்டிக்கொடுக்கிறதுங்க்கா. நீங்க சொல்லியிருந்தா அது சாட்சி"ன்னான். கோபமாக்கூடச் சொல்லலை. கோபப்பட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கத்திட்டு நிம்மதியாப் போயிருப்பேன்.

ராமசுப்ரமணியனைத் திட்டுறது சுலபம். மிஷினைத் திட்டுறது அதைவிடச் சுலபம். இத்தனை வருஷமா ரெண்டையும் விடாம செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு பிரயோஜனமும் இல்லை, எரிச்சல் கடைசியில எம்மேலதான் வந்து நிக்குது.

திரும்பவும் லிஸ்ட் வர அஞ்சு வருஷம் ஆச்சு. எண்பத்தேழுல ஒரு நாள் விளக்கு மாட்ட வந்தவன், ஏணியில நின்னுக்கிட்டே, "பர்மனென்ட் ஆயிட்டேங்க்கா. குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்க"ன்னான்.

"அப்பாடா! எப்ப கூட்டிட்டு வரே?"

"பெரியவளைப் போன வருஷம் கட்டிக் குடுத்தாச்சு. சின்னவ பத்தாவது, இந்தியில ஒரு எழுத்து தெரியாது, இனிமே இங்க வந்து என்ன படிப்பா? அவளை விட்டுட்டு அவங்கம்மாவும் வர மாட்டா." பல்பைத் திருகி முடிச்சுட்டு இறங்கினான். "ரெண்டு ரூம் குடுத்திருக்காங்க. ஒண்ணைப் பூட்டியே வச்சிருக்கேங்க்கா."