ஒரு வேலை, இரண்டு முகம்

முதுகலையில் எங்களுக்கு நிறுவனங்களில் டிஜிட்டல் மாற்றம் என்று ஒரு பாடம். சனி, ஞாயிறுகளில் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படிக்கப் போவேன். மற்ற நாட்களில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் வேலை. வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போலத்தான், எங்காவது வேலை பார்த்துக்கொண்டே பதவி உயர்வுக்காகவோ கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளவோ படிக்கிறவர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஹாலில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு.

அப்படி ஒரு மதியம் பேராசிரியர் திரையில் ஒரு ஆலையின் கேட்டைக் காட்டினார். முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும் கருவி அங்கே மாட்டியிருந்தது. "இது வந்த பிறகு போலி ஆட்கள் அடியோடு ஒழிந்துவிட்டார்கள்" என்றார். ஒருவர் பெயரில் இன்னொருவர் வந்து வேலை பார்த்தால் அவருக்குப் பாடத்தில் அதுதான் பெயர், போலி ஆள். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அன்று காலை எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போன என் சித்தி ஒரு போலி ஆள்.

அம்மாவும் சித்தியும் ஓரகத்திகள். அப்பாவும் சித்தப்பாவும் கேரளாவில் கட்டட வேலை, நினைத்தால் வருவார்கள். வீட்டை ஓட்டியது நூல் மில்லில் அம்மாவுக்கு இருந்த வேலைதான். நான் பிறந்தபோது அந்த இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று சித்தி அம்மாவின் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேஸ்திரிக்குத் தெரியும். மிஷின் நிற்காமல் ஓடினால் சரி, யார் ஓட்டினால் என்ன என்று விட்டுவிட்டார். எங்கள் தெருவில் இப்படி நாலைந்து வீடுகளில் உண்டு, யாரும் அதைக் களவென்று நினைத்ததில்லை. அதன் பிறகு ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் சித்தி. ஒருத்தி மில்லில் என்றால் ஒருத்தி அடுப்படியில். குழாயடிச் சண்டை தோற்கும்படி சண்டை போடுவார்கள், முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கார்டு மட்டும் தவறாமல் கை மாறிவிடும். மில்லுக்குள் சித்திக்கும் அம்மாவின் பெயர்தான். மூத்தவள் என்பதால் அம்மாவை எல்லோரும் அக்கா என்றார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது சித்தியைத்தான்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி அம்மாவுக்கு இளைப்பு வந்தது. இனி மில் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து எல்லா வாரமும் சித்தியே போனாள்.

பாடம் கேட்டு வந்த சில மாதத்தில் எங்கள் மில்லிலும் அந்தக் கருவி வந்தது. எல்லோரும் ஆதாரோடு வந்து முகம் பதிய வேண்டுமாம். வேலையும் பி.எஃப். கணக்கும் அம்மாவின் பெயரில் இருக்கின்றன, ஆகவே பதிய வேண்டியது அம்மாவின் முகம். சித்தியைப் புது ஆளாகச் சேர்க்கலாம் என்றால், மிஷினுக்கு இளம்பெண்களைத்தான் எடுக்கிறார்கள்.

"நான் போயி மூஞ்சியக் காட்டிட்டு வாரேங்க்கா. இம்புட்டு வருசமா ஒன் கார்டோட போனவதான?" என்றாள் சித்தி.

"ஆதார் படத்தோட ஒத்துப் பாக்கும் சித்தி."

"ரெண்டு பேருக்கும் அப்படி என்னலே வித்தியாசம்? ஒரே சோறுதான திங்கிறோம்?"

அம்மா சிரிக்கப் போய் இருமினாள். அந்த இருமல் நிற்கச் செத்த நேரம் ஆனது.

பாழாய்ப்போன அந்தப் படிப்பு எனக்கு ஒரு நப்பாசையைக் கொடுத்தது. ஒரே வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதை எங்கள் பாடப்புத்தகம் ஒரு அத்தியாயம் முழுக்கப் புகழ்ந்திருந்தது. வெளிநாட்டு அலுவலகங்களில் அது நவீன மேலாண்மை முறை, குடும்பப் பெண்கள் வேலையை விட்டுவிடாமல் இருக்க நல்ல வழி என்று போட்டிருந்தது. என் அம்மாவும் சித்தியும் கண்டுபிடித்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, புத்தகம் எழுதியவருக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மில் அதிகாரியைப் பார்க்கப் போனேன்.

நல்ல மனிதர்தான். டீ வரவழைத்தார். தெரிந்தவர் வீட்டு விஷயம் என்று நான் ஆரம்பித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கங்களை முழுக்கப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுல ரெண்டு பேரும் மொதல்லயிருந்தே கணக்குல இருக்காங்க. நீங்க சொல்றதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். மேல தெரிஞ்சா இருக்கிற வேலையும் போயி, கேசாகும். நீங்க சொன்னத நான் கேக்கல. டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

ஏடு படிந்த டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

படிப்பை நிறுத்திவிட்டு முழு நேர வேலை தேடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "படிச்சு முடிச்சிட்டு வந்து பேசு" என்றாள். "ரிட்டயராக இன்னுங் கொஞ்ச வருசந்தான. பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டிருவேன். இப்ப விட்டா ஒஞ் சித்தி மக படிப்பும் சேந்துல்ல நிக்கும்."

போனாள். முகம் பதிந்துவிட்டு வந்த அன்று சித்தியிடம் கதை சொன்னாள். "கண்ண இமைக்காம நிக்கச் சொன்னாம்ட்டி. நின்னா, பெட்டிக்குள்ளருந்து ஒரு பொம்பள நன்றிங்கா!" இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

ஒவ்வொரு ஷிப்டுக்கும் சித்தி தூக்குவாளியை வாங்கிக்கொண்டு அம்மாவோடு கேட் வரைக்கும் நடப்பாள். வழியில் இரண்டு மூன்று இடத்தில் அம்மா உட்கார வேண்டியிருக்கும். கேட்டில் வாளியைக் கொடுத்துவிட்டு சித்தி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வேலை செய்ய உடம்பில் தெம்பிருந்தவள் வெளியே நின்றாள். மூச்சுவிடத் திணறியவளுக்கு நன்றி சொல்லி உள்ளே விட்டது அந்தக் கருவி. என் படிப்பு முழுவதிலும் நான் கற்றுக்கொண்டது இதுதான், ஆனால் இதற்கு எந்தப் பரீட்சையிலும் கேள்வி வரவில்லை.

ஐப்பசி மழையில் இளைப்பு கூடியது. ஒருநாள் அம்மா மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிரோடு வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்து சில வாரத்தில் எனக்கு வாய்மொழித் தேர்வு. என் ஆய்வு வேறு எதைப் பற்றியோ இருந்தது. தேர்வாளர் பேச்சோடு பேச்சாக, முகம் பார்க்கும் வருகைப் பதிவால் என்ன நன்மை என்று கேட்டார். "போலி ஆட்கள் ஒழிவார்கள்" என்றேன். வெரிகுட் என்றார். கூடப் படித்தவர்கள் பால்கோவா வாங்கி வந்து வாயில் திணித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் போய் ஓரமாகத் துப்பினேன்.

பிறகு சித்திக்கு அதே மில்லில் காண்ட்ராக்டில் பஞ்சுக் கழிவு கூட்டும் வேலை கிடைத்தது. கூட்டுகிறவளுக்கு வயது பார்ப்பதில்லை. விண்ணப்பத்தை நான்தான் போட்டேன். முன் அனுபவம் என்ற இடத்தில் இல்லை என்று அடித்தேன். வேறு என்ன அடிப்பது? கணக்குப்படி அவள் அந்த மில்லில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விட்டேன். முகம் பதிவதற்காக செக்யூரிட்டி சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சித்தி அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோல மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி, ஒங்களத்தான்" என்று தோளைத் தொட்டேன்.

திடுக்கிட்டுப் போய்க் கருவியின் முன்னால் நின்றாள். இமைக்கவில்லை. நன்றி என்றது. கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள். ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, பல வருடப் பழக்கத்தில், அம்மாவின் பெயரைச் சொல்லிச் சத்தமாக, "ஏட்டி, வந்துட்டியா!" என்றாள்.

சித்தி உடனே திரும்பினாள்.

வெளியே நின்ற நானும் திரும்பிப் பார்த்தேன், அம்மா எங்கே என்று.