டிரைவரிடம் பேசும் வேலை

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது மீஞ்சூர் பஸ்ஸின் பின்விளக்கு. அடுத்து, ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறாலோடு, ஈரச் சேலையில் அதைத் துரத்தி ஓடிவந்த ஐந்து பெண்கள். அடுத்த பஸ்ஸில் போனால் சந்தை முடிந்திருக்கும். இறாலும் வெயிலில் கெட்டுவிடும்.

அன்று மாலையே கூடினார்கள். யாரால் என்ன முடியும் என்பதுதான் பேச்சு. ஒருத்தி ஐஸ் பெட்டி தருவதாகச் சொன்னாள். இன்னொருத்தி கரையிலிருந்து கூடைகளைக் கொண்டுவரத் தன் தம்பியின் ஆட்டோவைச் சொன்னாள். அப்படியும் பஸ்ஸைப் பிடிக்கப் பத்து நிமிடம் இடித்தது. பத்திரிகையிலிருந்து ஓய்வுபெற்று அந்த ஊரில் குடியேறியவன் நான். பஸ்ஸைப் பத்து நிமிடம் தள்ளி எடுக்கக் கேட்டு டெப்போவுக்கு அருமையான மனு ஒன்று எழுதித் தருவதாகச் சொன்னேன். முதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

"மனு இன்னாத்துக்கு சார்?" என்றாள் ஆட்டோக்காரரின் அக்கா. "உங்ககிட்ட பேச்சு குடுத்து மாட்னவன் எவனாச்சும் நேரத்துக்கு வூடு போய்ச் சேந்துகீறானா? டிரைவராண்ட போய் சும்மா பேசிக்கினு இருங்க, போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நான் செய்தி சேகரிக்கப் போன பழைய தேர்தல் ஒன்றின் கதையைத் தொடங்கினேன். அவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். நான் தொகுதி தொகுதியாகப் போய்க்கொண்டிருந்தேன். வாக்கு எண்ணிக்கைக்கு வருவதற்குள் கடைசிக் கூடை ஏறிவிட்டது. டிரைவர் காலி டம்ளரை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

அன்று பஸ் ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குக் கிளம்பியது.